டிகாக்சினுக்கு ஒரு வழி, அமியோடரோனுக்கு வேறு வழி: இதய மருந்தை ரத்தத்தில் அளக்க என்ன வாங்கலாம்?

பெருந்துறை ரோட்டில் சின்னதாக ஓர் இதய மருத்துவமனை நடத்தும் டாக்டர் போன மாதம் கூப்பிட்டார். “ஏனுங்க, கோயமுத்தூர்ல ஒரு லேப்ப மூடறாங்களாம். மாஸ் ஸ்பெக் மெஷின் சல்லிசா வருதுங்க. வாங்கிப் போட்டுட்டா டிகாக்சின், அமியோடரோன் எல்லாம் நம்மகிட்டயே பாத்துக்கலாமுங்களே?”

நான் கோவையில் ஒன்பது வருடம் அந்த மெஷினோடு குடும்பம் நடத்தியவன். இப்போது ஈரோட்டில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறேன், அந்த மெஷின் இல்லாமல். “அவசரப்படாதீங்க டாக்டர்” என்றேன். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஏற்கெனவே இருக்கும் அனலைசர் மெஷினில், கம்பெனி தயார் செய்து தரும் சோதனை ரசாயனத் தொகுப்பான கிட் போட்டு அளக்கலாம். கலவையிலிருந்து மருந்தைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி வாங்கலாம். மூலக்கூறின் எடையை வைத்து மருந்தை அடையாளம் காணும் இந்த மாஸ் ஸ்பெக்கை வாங்கலாம். இல்லாவிட்டால் சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்பலாம். ஐந்தாவதாக ஒரு வழி உண்டு. அதற்குக் கொட்டேஷன் கொடுக்க ஆள் வராது என்பதால் யாரும் யோசிப்பதில்லை. அளக்காமலே விடுவது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் மருந்து எத்தனை இருக்கிறது என்று பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறதா என்பதே தெரிந்துவிடும். மெட்டோப்ரோலாலுக்கு நாடித் துடிப்பு, அம்லோடிபினுக்குப் பிரஷர், அடோர்வாஸ்டேட்டினுக்குக் கொலஸ்ட்ரால். விளைவையே நேராக அளக்க முடிகிற இடத்தில் மருந்தை அளப்பது பெரும்பாலும் வீண் செலவு. பெரும்பாலும் என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையில் ஒரு முழம் கூட இடமில்லாதவைதான் அளவு கேட்கும் மருந்துகள். அவருடைய நோயாளிகளிடம் அப்படி இருப்பவை இரண்டு: இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் டிகாக்சினும், தடுமாறும் இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனும்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இதயச் செயலிழப்புக்கு டிகாக்சின் கொடுத்தால் ஒரு மில்லி ரத்த சீரத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் இருக்க வேண்டும். நானோகிராம் என்றால் நமக்குப் பிடிபடாது. 26 அடி விட்டத்தில் 65 அடி ஆழத்துக்கு ஒரு தோட்டத்துக் கிணறு தண்ணீர் தளும்ப நிற்கிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டர். அதில் ஒரு கிராம் மருந்தைக் கரைத்தால் அதுதான் ஒரு மில்லிக்கு ஒரு நானோகிராம். அமியோடரோனுக்கு வழக்கமான அளவு ஒரு மில்லிக்கு 0.5 முதல் 2.5 மைக்ரோகிராம். அதே கிணற்றில் அரைக் கிலோ முதல் இரண்டரைக் கிலோ வரை. கிலோக் கணக்கில் கொட்டியதைக் கண்டுபிடிக்கவும் ஒரு கிராமைக் கண்டுபிடிக்கவும் ஒரே கருவி வேண்டியதில்லை.

டிகாக்சினுக்குக் கிட் போதும், ஆனால்

டிகாக்சின் கிட் ஆன்டிபாடியை, அதாவது மருந்தின் உருவத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதத்தை, வைத்து வேலை செய்கிறது. அனலைசரில் டியூபை வைத்தால் அரை மணிக்குள் எண் வந்துவிடும். டிகாக்சின் ஏறிப்போய் வாந்தியும் மஞ்சள் பார்வையும் தடுமாறும் நாடியுமாக வருகிறவருக்கு இந்த அரை மணிதான் முக்கியம். உலகத்திலேயே துல்லியமான எண் நாளை மறுநாள் வந்து என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பாருக்கு டிகாக்சின் 2.9 என்று வந்தது. டாக்டர் பதறிப்போய் மருந்தை நிறுத்தி, ஐசியூவில் இடம் கேட்டு, எனக்குப் போன் போட்டு, கிட் சரியாக இருக்கிறதா என்றார். கிட்டைச் சரிபார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிள் இரண்டும் கச்சிதமாக இருந்தன. கூட வந்திருந்த மருமகளிடம் கேட்டேன். “மாமா காலைல ஏழு மணிக்கே மாத்திரை போட்டுட்டாருங்க. எட்டே காலுக்கு ரத்தம் எடுத்தாங்க” என்றார். மறுநாள் காலை மாத்திரை கொடுக்காமல் ரத்தம் எடுத்தோம். 0.9. கிட்டும் பொய் சொல்லவில்லை, நோயாளிக்கும் ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்த நேரம்தான் தப்பு.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். தலைப்பில் கரை புரண்டு ஓடும், கடைமடையில் வயல் காய்ந்து கிடக்கும். டிகாக்சினும் முதலில் ரத்தத்தில் நிறைந்து ஓடி, பிறகுதான் இதயத் தசைக்குள் இறங்குகிறது. அது இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் எடுத்த ரத்தம் வாய்க்காலைக் காட்டும், வயலைக் காட்டாது. நல்லது, அடுத்த மாத்திரைக்கு முன்னால் எடுப்பது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை, சனி ஞாயிறு லீவு என்று டிகாக்சின் எழுதுகிற பழக்கம் இன்னமும் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு டிகாக்சின் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்த சாம்பிளும், இரண்டு நாள் லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் எடுத்ததும் ஒரே ஆளுக்கு ஒன்றுக்குப் பாதி வித்தியாசம் காட்டலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு “லேப் சரியில்லை” என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

கிட்டுக்கு உண்மையான குறையும் உண்டு. ஆன்டிபாடிக்கு ஆள் அடையாளம் கொஞ்சம் மங்கல். சிறுநீரகம் கெட்டவர்கள், பச்சைக் குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் ரத்தத்தில் டிகாக்சின் போலவே தோற்றம் தரும் பொருள்கள் இயல்பாகவே இருக்கும். அவற்றையும் சில கிட்டுகள் எண்ணிவிடும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சில கிட்டுகளில் எண்ணைக் கூட்டும், சிலவற்றில் குறைக்கும். டிகாக்சின் சாப்பிடுகிற இதயச் செயலிழப்பு நோயாளிகளில் பலர் கூடவே ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறவர்கள் என்பதால் இது ஏட்டளவு விஷயம் இல்லை. கிட் வாங்கும்போது கம்பெனிக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். கிட்டோடு வரும் தாளில் எழுதியிருக்கும், பொடி எழுத்தில்.

அரளியையும் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டத்து வேலியிலும் நெடுஞ்சாலை நடுவிலும் பூத்து நிற்கும் அரளியின் நஞ்சு டிகாக்சினுக்குப் பங்காளி முறை. டிகாக்சினே சாப்பிடாத ஒருவரின் ரத்தத்தில் கிட் டிகாக்சின் காட்டினால் அரளியைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்த எண்ணை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை நஞ்சு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்லாது. குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைவது ஆபத்து. ஈசிஜியும் பொட்டாசியமும்தான் அங்கே பேச வேண்டும். மாஸ் ஸ்பெக்கில் அரளியின் நஞ்சான ஒலியாண்ட்ரினைத் தனியாக, பெயர் சொல்லிக் காட்ட முடியும், உண்மைதான். ஆனால் அதற்குள் நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது பிழைத்திருக்க மாட்டார்.

கிட்டின் செலவுக் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. மாதத்துக்கு ஐந்து டிகாக்சின் வந்தால், ஐந்தும் ஐந்து நாளில் வரும். ஒவ்வொரு நாளும் இரண்டு கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். ஐந்து நோயாளிக்குப் பத்து கன்ட்ரோல், அதற்கு மேல் மெஷினின் அளவைச் சரிசெய்யும் கேலிபரேஷன். கிட்டைத் திறந்து மெஷினில் ஏற்றிவிட்டால் அதற்குக் கெடு வேறு. நோயாளியைவிடக் கன்ட்ரோல்தான் கிட்டைத் தின்னும். அப்படியும் டிகாக்சினுக்கு நான் கிட்டைத்தான் சொல்வேன்.

ஹெச்பிஎல்சி

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அமியோடரோனுக்கு அனலைசரில் போடுகிற மாதிரி கிட் கடையில் கிடைப்பதில்லை. ஹெச்பிஎல்சியில் 242 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அது நன்றாகத் தெரியும்; பக்கத்திலேயே அதன் மெட்டபொலைட்டான, அதாவது உடம்பு அதை மாற்றி உண்டாக்கும் பொருளான, டெசெத்தில் அமியோடரோன் வரைபடத்தில் தனி முகடாக வரும். மருந்து தொடங்கிய புதிதில் மெட்டபொலைட் சின்னதாக இருக்கும். மாதங்கள் போகப் போக அண்ணனும் தம்பியும் போல ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். டிகாக்சினுக்கு இது உதவாது. கிணற்றில் ஒரு கிராமைப் புற ஊதா ஒளியால் பார்க்க முடியாது. அமியோடரோன் ஒன்றுக்காக ஒரு கருவி, ஓர் ஆள், ஒரு அறை என்றால் கணக்கு உதைக்கிறது.

மாஸ் ஸ்பெக் என்ன செய்கிறது, என்ன கேட்கிறது

டாக்டருக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. அது ஓர் அற்புதமான மெஷின்தான். ரத்தச் சீரத்தைச் சுத்தம் செய்து செலுத்தினால், முதலில் ஒரு மெல்லிய குழாய்க்குள் மருந்துகள் தனித்தனியாகப் பிரியும். பிறகு மின்னழுத்தத்தில் பனித்துளியாகத் தெறித்து, துளி வற்றி, மின்னேற்றம் கொண்ட மூலக்கூறாக வெற்றிடத்துக்குள் போகும். இந்தத் தெளிப்பு முறைக்குத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உள்ளே முதல் வாசலில் ஒரு குறிப்பிட்ட எடையை மட்டும் விடுவோம். டிகாக்சின் அம்மோனியத்தோடு சேர்ந்து 798.5 ஆக வரும். அதை வாயுவில் மோதி உடைத்தால் ஒரு சர்க்கரைத் துண்டும் அம்மோனியாவும் உதிர்ந்து 651.4 ஆகும். கடைசி வாசல் அந்தத் துண்டை மட்டும் எண்ணும். வருகிறவரின் எடையும் சரியாக இருக்க வேண்டும், உடைந்தால் விழும் துண்டும் சரியாக இருக்க வேண்டும், வரும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஆன்டிபாடி ஏமாறுகிற மாதிரி இது எளிதில் ஏமாறாது. குடல் பாக்டீரியா எகர்தெல்லா லென்டா சிலரிடம் டிகாக்சினை டைஹைட்ரோடிகாக்சின் என்ற வேலைக்காகாத பொருளாக மாற்றிவிடும். ஹைட்ரஜன் இரண்டு கூடியதால் வரும் அந்தச் சின்ன எடை வித்தியாசத்தையும் இது பிரித்துக் காட்டும்.

சரி, அது நம்மிடம் என்ன கேட்கும்? நாங்கள் ஒருமுறை காலை முழுக்க டிகாக்சினைத் தேடினோம். நேற்று மலை போல வந்த முகடு இன்று மேடு கூட இல்லை. மருந்து இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, ஆள் மட்டும் காணோம். மத்தியானம்தான் தெரிந்தது: புதிதாகச் சேர்ந்த பையன் கரைப்பான் பாட்டிலைச் சோப்புப் போட்டுப் பளிச்சென்று கழுவி, கடைசியாகப் போர் தண்ணீரில் அலசி வைத்திருந்தான். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தச் சோடியம் அம்மோனியத்தைத் தள்ளிவிட்டு டிகாக்சினோடு ஒட்டிக்கொண்டது. எடை 803 ஆகிவிட்டது. நாங்கள் 798-ன் வாசலில் காத்திருந்தோம். பையனைத் திட்டவில்லை; பாட்டிலைக் கழுவக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

இன்னொரு நாள் நடு ராத்திரி ஈபி போய், யுபிஎஸ் தாக்குப் பிடித்து, ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல் போயிற்று. காலையில் கதவைத் திறந்தபோதே தெரிந்தது. அந்த அறையில் எப்போதும் காதுக்குள் இழைந்துகொண்டிருக்கும் பம்ப் சத்தம் இல்லை. வெற்றிடம் போய்விட்டது. திரும்பப் பம்ப் ஓட்டி, வெற்றிடம் பிடித்து, மெஷின் நிதானத்துக்கு வர மறுநாள் ஆயிற்று. இந்த மெஷினை மத்தியானம் ஆன் செய்து சாயங்காலம் ஆஃப் செய்ய முடியாது. வருடம் முழுக்க ஓடும், ஏசியும் ஓடும், நைட்ரஜன் ஜெனரேட்டரும் ஓடும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு நோயாளியின் சாம்பிள் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் கேலிபரேட்டர் எட்டு, மருந்தில்லாத சாம்பிள் இரண்டு, மூன்று அளவுகளில் கன்ட்ரோல் இரண்டிரண்டாக ஆறு. மெஷினுக்குள் 16 முறை ஊசியால் செலுத்த வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் 80 நிமிடம் கழித்துத்தான் நம் நோயாளி. முப்பது சாம்பிள் சேர்த்து ஓட்டினால் இது லாபமான மெஷின். ஒன்றுக்காக ஓட்டினால் பழனிக்குப் போக ரயிலை வாடகைக்கு எடுத்த கதை.

விலையை வேண்டுமென்றே கடைசியாக வைத்தேன். புதிது கோடிக்கு மேல். பழையது சல்லிசாகக் கிடைக்கலாம், ஆனால் பழைய மாடலுக்குக் கம்பெனி பார்ட்ஸ் தருவதை நிறுத்தியிருந்தால் உங்களிடம் இருப்பது கிரானைட் மேஜையில் அழுத்தி உட்காரும் ஒரு பெட்டி. ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கிட்டைக் கம்பெனி சோதித்துத் தரும். மாஸ் ஸ்பெக்கில் முறையை நாமே உருவாக்கி, ஒவ்வொரு மருந்துக்கும் நாமே நிரூபிக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகளின் ஆய்வு லேபுகளுக்காக ஐசிஹெச் என்ற சர்வதேச அமைப்பு 2022-ல் கொண்டுவந்த எம்10 வழிகாட்டியைப் பார்த்தால் வேலையின் கனம் தெரியும். சொன்ன அளவுக்கும் கண்ட அளவுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள், மிகக் குறைந்த அளவில் மட்டும் 20. ஆறு பேருடைய ரத்தத்தில் தனித்தனியாகச் சோதனை. ஃப்ரீசரில் எத்தனை நாள் தாங்குகிறது, உருகி உறைந்தால் என்ன ஆகிறது. ஒரு மருந்துக்கே மாதக் கணக்கில் வேலை இழுக்கும்.

மெட்டபொலைட் எங்கே பேசுகிறது

மாஸ் ஸ்பெக் இல்லாமல் முடியாத இடங்களும் இருக்கின்றன, அதை மறைக்கப் போவதில்லை. பிரஷர் மருந்தான லோசார்டான் உடம்புக்குள் ஈ-3174 என்ற பொருளாக மாறுகிறது. பிரஷரைக் குறைப்பதில் தாயைவிடப் பிள்ளைக்குத்தான் பலம் பல மடங்கு. ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் இன்னும் ஒரு படி மேல். விழுங்கிய மருந்துக்கே வேலை தெரியாது. அதில் ஏறக்குறைய 85 சதவீதம் உதவாத அமிலமாகப் போய்விடும், மிச்சத்திலிருந்து கல்லீரல் செய்து தரும் சிறு பகுதிதான் ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பொருள் டியூபில் நிமிடக் கணக்கில் சிதைந்துவிடும். ரத்தம் எடுத்த கையோடு டியூபுக்குள் ஒரு ரசாயனத்தைப் போட்டு அதைக் கட்டிப்போட வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற சமாச்சாரம் இல்லை. அதனால் இது ஆராய்ச்சிக்காரர்கள் வேலை. வார்டுக்கு உதவுமா என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான்.

வார்டுக்கு உதவுவது வேறு. மேலே ‘பெரும்பாலும்’ என்று சொன்னேனே, அது இதற்காக. நாலு பிரஷர் மாத்திரை எழுதியும் 170-க்குக் கீழே இறங்காத ஒருவர் வருகிறார். தறி ஓட்டுகிறவர், நேரம் காலம் இல்லாத பிழைப்பு. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாண்ணா?” என்றால், “தவறாம போடறனுங்க” என்பார். ஐந்தாவது மாத்திரை எழுதுவதா? 2014-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 208 பிரஷர் நோயாளிகளின் சிறுநீரை மாஸ் ஸ்பெக்கில் பார்த்தபோது நாலில் ஒருவர் மாத்திரையை முழுதாகவோ பாதியாகவோ சாப்பிடாதவர் என்று தெரிந்தது. ஒரே ஓட்டத்தில் டஜன் கணக்கான மருந்துகளை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இந்த மெஷினை விட்டால் வேறு ஆள் இல்லை. அம்லோடிபின் உடம்பில் நாள் கணக்கில் தங்கும், மெட்டோப்ரோலால் ஒரு நாளில் கரைந்துவிடும். அம்லோடிபின் இருந்து மெட்டோப்ரோலால் இல்லாவிட்டால் கடைசி வேளை தவறியிருக்கிறது. மருந்து மட்டும் தெரிந்து மெட்டபொலைட் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் விழுங்கிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். இதைக் குற்றப் பத்திரிகை மாதிரி நோயாளி முகத்தில் நீட்டினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். மாத்திரைச் செலவு கட்டுப்படியாகவில்லையா, தலை சுற்றுகிறதா என்று பேச்சை ஆரம்பிக்கத்தான் அது உதவும்.

ஆனால் இதற்கு அவசரம் உண்டா? நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தால் போதும். அமியோடரோனுக்கும் அதேதான். அது உடம்பில் பாதியாகக் குறைய வாரங்கள், பலருக்கு மாதங்கள் ஆகும். அப்படிப்பட்ட மருந்தின் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வந்தாலென்ன, வெள்ளிக்கிழமை வந்தாலென்ன? மாஸ் ஸ்பெக் தேவைப்படுகிற சோதனைகள் எல்லாமே காத்திருக்கக் கூடியவை. காத்திருக்க முடியாத ஒன்றுக்குக் கிட் இருக்கிறது. இதைச் சொன்னதும்தான் டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப மெஷினு?” என்றார்.

“பாத்துட்டு வரலாம் வாங்க” என்று கூட்டிப்போனேன். எட்டு மாதமாக ஓடாமல் பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றது. பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது சர்வீஸ் என்று கேட்டதற்கு, “ஓடிட்டு இருந்த மெஷினுங்க” என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

இப்போது அவர் மருத்துவமனையில் ஏற்பாடு இப்படி. டிகாக்சினுக்குக் கிட். கூடவே அமியோடரோன் தொடங்கினால் டிகாக்சின் ஏறும் என்பதால், அன்றே டோஸைப் பாதியாக்கி, ஒரு வாரம் கழித்து அளவு பார்ப்பது. சிறுநீரகம் கெட்டவருக்குக் கிட்டின் எண்ணும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் அதே சாம்பிளில் ஒரு பங்கை மாஸ் ஸ்பெக் உள்ள லேபுக்கு அனுப்புவது. அமியோடரோனும் பிரஷர் மாத்திரைச் சோதனையும் முழுக்க வெளியே. ஜெல் உள்ள டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில மருந்துகளை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். டியூப் ஸ்டிக்கரில் இரண்டு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: கடைசி மாத்திரை என்றைக்கு, எத்தனை மணிக்கு, ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு. இரண்டும் எழுதாமல் வரும் டியூபை என் லேப் பெண் திருப்பி அனுப்பிவிடுகிறாள். முதல் வாரம் ஏழு டியூப் திரும்பிப் போயிற்று, நர்ஸம்மாவுக்கு என் மேல் கோபம்.

மாதம் நூறு நூற்றைம்பது மாத்திரைச் சோதனைகள் வர ஆரம்பித்தால் நாலைந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவதைப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை சாயங்காலம் நாலரைக்கு ஐஸ் பேக்கோடு தெர்மோகோல் பெட்டி கூரியர் பையன் கையில் போகிறது. சனிக்கிழமை எடுத்த சாம்பிள் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனில் கிடக்கும் என்பதால், அமியோடரோன் நோயாளிகளைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வரச் சொல்லியிருக்கிறோம்.